மோகனாம்பாளின் சலங்கை

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் 1950களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்', 1968இல் ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் படமானது. கர்வக்கார நாகஸ்வர வித்வானும் பிடிவாதக்கார நாட்டியக்காரியும் மோதிக்கொண்டு கடைசியில் மாலை மாற்றிக்கொள்ளும் காதல் கதை என்றுதான் அது நினைவில் நிற்கிறது. காவிரிக் கரையின் பழைய கோயில் ஒழுங்கு தெரிந்தவர்களுக்கோ அந்த மோதல் வேறு மாதிரிப் படும். நாகஸ்வரமும் தவிலும் பெரிய மேளம்; சதிராட்டமும் நட்டுவாங்கமும் சின்ன மேளம். இரண்டையும் வளர்த்தவர்கள் பெரும்பாலும் பின்னாளில் இசை வேளாளர் என்று அழைக்கப்பட்ட மரபினர். அண்ணன் குழல் ஊத, தங்கை சலங்கை கட்டிய வீடுகள் உண்டு. ஆக, கதையின் வித்வான் சிக்கல் சண்முகசுந்தரமும் நாட்டியக்காரி மோகனாவும் ஒரே வீட்டின் இரண்டு திண்ணைகள். இருபதாம் நூற்றாண்டு அந்த இரண்டு திண்ணைகளையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. அதற்கு இந்தப் படமே சாட்சி.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் கொண்டுவந்த மசோதா, 1947இல் சென்னை மாகாணச் சட்டமாயிற்று. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவதை மட்டும் அது தடுக்கவில்லை. கோயிலுக்குள்ளும் சுவாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையே சட்டவிரோதமாக்கியது. அதே ஊர்வலத்தின் முன்னால் நாகஸ்வரம் தொடர்ந்து முழங்கிற்று. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போன்றவர்கள் தங்கள் வாத்தியத்துக்கு மேடையும் மரியாதையும் போராடிப் பெற்ற காலமும் அதுதான். வாணவெடிச் சத்தத்தில் வாசிக்கமாட்டேன் என்று படத்தின் தொடக்கத்திலேயே சண்முகசுந்தரம் குழலை இறக்குகிறாரே, அந்த ரோஷத்தில் அந்தத் தலைமுறை வித்வான்களின் சாயல் இருக்கிறது. சதிரும் சாகவில்லை, பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு வீடுகளுக்குக் குடிபோனது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935இல் அடையாறில் ஆடினார். கற்றுக்கொடுத்த ஆண்களுக்கு இடம் இருந்தது, ஆடிய பெண்களுக்கு இல்லை. படத்தின் உருவாக்கத்திலும் இதே கணக்குதான். சண்முகசுந்தரமாக நடித்த சிவாஜியின் குழலுக்குப் பின்னால் ஒலிப்பது மரபான நாகஸ்வரக் குடும்பத்தைச் சேர்ந்த மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. மோகனாவாக ஆடுபவரோ திருவிதாங்கூரிலிருந்து வந்த பத்மினி. அபாரமாக ஆடுகிறார், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அவருடைய ஆசான்களில் ஒருவர் திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும்: நட்டுவனார் மரபிலிருந்து, ஆடுபவர் வெளியிலிருந்து.

ஒரு வணிகப் படத்தின் மேல் இவ்வளவு சரித்திரத்தை ஏற்றலாமா என்று கேட்கலாம். சவடால் வைத்தியை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள், நகராது. மைனர்களிடமும் மகாராஜாவிடமும் நாட்டியக்காரியைச் சேர்த்துவைக்க அலையும் தரகர் அவர். நாகேஷின் நகைச்சுவை அந்த வேலையின் அசிங்கத்தைக் கொஞ்சம் மறைக்கிறது, அவ்வளவுதான். மகளை ஒரு செல்வந்தரிடம் ஒப்படைத்துவிடத் துடிக்கும் மோகனாவின் தாய் வடிவாம்பாளும் அந்த ஏற்பாட்டின் பிள்ளையே. இன்னொரு ஆட்சேபம் கனமானது: அந்த வாழ்க்கையிலிருந்து விடுதலை கேட்டவர்களில் அந்த மரபிலேயே பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் இருந்தாரே? இருந்தார், வைத்திகள் நிஜத்தில் உலவிய ஊரில் அந்தக் கோபம் நியாயமானது. சுரண்டலை ஒழிக்க வந்த சட்டம் தொழிலையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது என்பதுதான் என் வழக்கு. அதே மரபில் பிறந்து ஆடிய பாலசரஸ்வதி நின்று காட்டவில்லையா என்றால், அவர் மேதை. மேதைகளை வைத்துப் பொதுநிலையை அளக்க முடியாது. அவருக்கும் ருக்மிணி தேவிக்கும் கற்பித்த மயிலாப்பூர் கௌரி அம்மாளின் கடைசிக் காலம் வறுமையில்தான் கழிந்தது.

படத்தில் இருவரும் மோதும் போட்டியில் மோகனாவுக்குத் 'தில்லானா' பட்டத்தைச் சூட்டுபவர் எதிரே வாசித்த சண்முகசுந்தரமேதான். அந்த மேடையில் அங்கீகாரம் குழலின் கையில் இருக்கிறது. பிறகு கத்திக்குத்து, ஆஸ்பத்திரி, சந்தேகம் எல்லாம் கடந்து கல்யாணம். அடுத்த திருவிழாவுக்குச் சண்முகசுந்தரத்தின் வீட்டுக்கு வெற்றிலைபாக்கோடு ஆள் வரும். சலங்கைக்கும் சேர்த்து வருவார்களா என்பதை, தாலி கட்டியதும் முடிந்துவிடும் படம் சொல்வதில்லை.