இடம்பெயர்ந்தோரின் குரலும் வன்னியின் வானலைகளும்

வீட்டையும் வயலையும் தோணியையும் கைவிட்டு ஓடிவரும் குடும்பத்திற்கு முதலில் தேவைப்படுவது உணவும் குடிநீரும் கூரையுமாகும். இவற்றை வழங்க அரசும் தொண்டு நிறுவனங்களும் ஓரளவிற்கேனும் முன்வருகின்றன. ஆனால், பிரிந்துபோன பிள்ளை எந்த முகாமில் இருக்கிறான், ஊருக்குத் திரும்பும் பாதை எப்போது திறக்கும், கண்ணிவெடி அகற்றப்பட்ட காணி எது, காணாமற்போனவரைப் பற்றி எங்கே முறையிடுவது என்னும் கேள்விகளுக்கு விடை தருவோர் மிகச் சிலரே. இக்குறையை நிரப்புவதற்கென உலகின் பல பகுதிகளில் தோன்றியதே அகதிகளுக்கான சமூக வானொலியாகும். மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த வன்னிப் பெருநிலப்பரப்பிற்கு அத்தகைய வானொலி ஒன்று ஏன் வாய்க்கவில்லை என்பதை நாம் சிந்திக்க வேண்டியுள்ளது.

சமூக வானொலி என்பது அரச வானொலியுமன்று, இலாபம் கருதும் தனியார் வானொலியுமன்று. குறிப்பிட்டதொரு பிரதேசத்து மக்களே நிகழ்ச்சிகளைத் தயாரித்து, தாமே நிர்வகித்து, தமக்காக ஒலிபரப்புவது அது. இந்தியாவில் 2006 ஆம் ஆண்டுக் கொள்கையின்படி 100 வாற்று அளவிலான கதிர்வீச்சு வலுவும் 30 மீற்றருக்கு மேற்படாத கோபுரமும் இத்தகைய நிலையங்களுக்குப் போதுமானவையாகக் கொள்ளப்பட்டன. சுற்றியுள்ள சில ஊர்களை எட்டினால் போதும் என்பதே அதன் நோக்கம்.

வன்னி கேட்ட வானொலிகள்

வன்னி மக்களுக்கும் வானொலிக்கும் உள்ள உறவு சாதாரணமானதன்று. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் மின்கலங்கள் வன்னிக்குச் செல்வது தடுக்கப்பட்டிருந்தது. மின்சாரமும் இல்லை. அக்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் மக்கள் செய்தி கேட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறி வன்னி வந்தோரும், 1996 இல் கிளிநொச்சியிலிருந்து மேலும் உள்ளே நகர்ந்தோரும் பீ.பீ.சீ. தமிழோசையையும் மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் தமிழ்ப் பணியையும் சிற்றலையில் தேடிக் கேட்டனர். தமது சொந்த ஊரில் நடப்பதை அறிய இலண்டனையும் மணிலாவையும் நாட வேண்டியிருந்த நிலை அது.

அருகிலிருந்து ஒலித்தவையும் இருந்தன. 1990 இல் தொடங்கப்பட்ட புலிகளின் குரல் ஓர் இயக்கத்தின் வானொலி. 2007 நவம்பர் 27 இல் கிளிநொச்சியில் அந்நிலையத்தின் மீது நடத்தப்பட்ட விமானத் தாக்குதலில் அதன் ஊழியர்கள் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். மறுபுறத்தில் அரச வானொலி அரசின் நிலைப்பாட்டையே கூறியது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வழியாக மறுஒலிபரப்பான தனது நிகழ்ச்சிகளில் தலையீடு செய்யப்படுவதாகக் கூறி, 2009 பெப்ரவரியில் பீ.பீ.சீ. நிறுவனம் அந்த ஒழுங்கை இடைநிறுத்தியது. போர் உச்சமடைந்திருந்த வாரங்கள் அவை. இவ்விரு தரப்புகளின் ஒலியலைகளுக்கும் நடுவே அகப்பட்டிருந்த மக்கள் கேட்போராக மட்டுமே இருந்தனர். பேசுவோராக இருக்கவில்லை.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது ஏறத்தாழ 2,80,000 பேர் முகாம்களில் இருந்தனர். அவர்களிற் பெரும்பாலானோர் வவுனியா செட்டிகுளத்தின் மனிக் பாம் முகாமில் இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்னும் பெயர்கள் சூட்டப்பட்ட வலயங்களிலும் அவற்றை ஒட்டியவற்றிலும் அடைக்கப்பட்டிருந்தனர். ஒரே குடும்பத்தினர் வெவ்வேறு வலயங்களில் பிரிந்திருந்தனர். வெளியே சென்றுவரும் அனுமதி 2009 டிசெம்பரிலேயே கிடைத்தது. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. ஒரு பெரு நகரத்தின் அளவு மக்கள் ஒரே இடத்தில் வாழ்ந்த அந்த மூன்றாண்டுக் காலத்தில், அவர்களே நிர்வகித்த ஒரு வானொலி இருந்திருக்குமாயின் எத்தனை தேடல்கள் எளிதாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரு சமூகங்களின் இடப்பெயர்வு

வன்னியின் இடப்பெயர்வு தமிழருடையது மட்டுமன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிச்சிராபுரம் ஆகிய ஊர்களின் மக்களும் அவர்களுள் அடங்குவர். புத்தளம் மாவட்டத்தின் முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. போரின் பின்னர் மீளத் திரும்பியோர் காணி, வாக்காளர் பதிவு, பாடசாலை ஆகியவற்றில் பல தடைகளை எதிர்கொண்டனர். விட்டுச்சென்ற ஊரின் நிலை அவர்களுக்குச் சரிவரத் தெரியவில்லை. திரும்பி வருவோரின் நிலை அவ்வூரில் இருந்தோருக்கும் தெரியவில்லை. வதந்தி குடிபுகுவது இத்தகைய இடைவெளியில்தான். ஒரே மொழியைப் பேசும் இரு சமூகங்கள் ஒன்றன் துயரை மற்றொன்று நேரிற் கேட்பதற்கு ஒரு பொதுத் திண்ணை இல்லாமற் போனது பேரிழப்பாகும்.

பிறநாடுகளின் அனுபவம்

1994 இல் ருவண்டாவில் ஆர்.ரி.எல்.எம். என்னும் வானொலி இனப்படுகொலையைத் தூண்டியது. அதே ஆண்டில், சிதறிய குடும்பங்களை ஒன்றுசேர்ப்பதற்காகப் பீ.பீ.சீ. நிறுவனம் கஹுசாமிர்யாங்கோ என்னும் சேவையைத் தொடங்கியது. குடும்பங்களை இணைப்பது என்பதே அப்பெயரின் பொருள். சாட் நாட்டின் கிழக்கில் டார்பூர் அகதிகளுக்காக 2005 முதல் இன்டர்நியூஸ் அமைப்பின் உதவியுடன் மூன்று நிலையங்கள் உருவாயின. அகதிகளும் உள்ளூர் மக்களும் அவற்றின் நேயர்களாக இருந்தனர். பெண்களின் பிரச்சினைகளைப் பேசும் நிகழ்ச்சியும் அங்கு இடம்பெற்றது. வங்காளதேசத்தின் தெக்நாஃபில் இயங்கும் ரேடியோ நாஃப், 2017 இல் ரோஹிங்கியா மக்கள் பெருமளவில் வந்து சேர்ந்த பின்னர் அவர்களுக்கான நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது.

ஒரே கருவி கொலைக்கும் பயன்பட்டது, குடும்பங்களைச் சேர்க்கவும் பயன்பட்டது. ஒலிவாங்கி யார் கையில் இருக்கிறது, அவர் யாருக்குப் பொறுப்புக் கூறுகிறார் என்பதே வேறுபாடு.

புலம்பெயர்ந்த ஈழத்தமிழரும் தமக்கென வானொலிகளை அமைத்துக் கொண்டனர். 1997 இல் இலண்டனில் ஐ.பீ.சீ. தமிழ் தொடங்கப்பட்டது. அவுஸ்திரேலியாவின் சமூக வானொலிகளிலும் தமிழருக்கு நேரம் கிடைத்தது. கடல் கடந்த அகதிக்குக் கிடைத்த இவ்வாய்ப்பு, தன் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவருக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் எங்கே தடுக்கிறது?

இலங்கைக்குச் சமூக வானொலி புதியதன்று. மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்தும் குடியேறியும் வாழ்ந்த மக்களுக்காக 1981 இல் யுனெஸ்கோ மற்றும் டென்மார்க்கின் உதவியுடன் மகாவலி சமூக வானொலி ஆரம்பிக்கப்பட்டது. தயாரிப்பாளர்கள் கிராமங்களில் நாட்கணக்கில் தங்கி மக்களின் குரலைப் பதிவு செய்தனர். 1989 இல் தோன்றிய கொத்மலை நிலையம், 1990களின் இறுதியில் நேயர்களின் வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி வானொலியில் விளக்கியதன் மூலம் உலகின் கவனத்தை ஈர்த்தது. நீர்த்தேக்கத்தால் ஊரிழந்தோருக்குச் செய்யப்பட்டது, போரால் ஊரிழந்தோருக்குச் செய்யப்படவில்லை.

எனினும் அந்நிலையங்களும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடையின் கீழேயே இயங்கின. 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அக்கூட்டுத்தாபனத்திற்கு வெளியே, சமூக ஒலிபரப்பைத் தனி வகையாக ஏற்று உரிமம் வழங்கும் சட்டம் உருவாகவில்லை. 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து, அவற்றை அரசு மக்களின் சார்பில் நம்பிக்கைப் பொறுப்பாளராகவே வைத்திருக்கிறது என்னும் கருத்தை ஏற்று, அச்சட்டமூலம் அரசியலமைப்பிற்கு முரணானதெனத் தீர்மானித்தது. அத்தத்துவத்தின் பயன் இன்னமும் வன்னிக் கிராமத்தை எட்டவில்லை.

1998 இல் ஐக்கிய நாடுகள் சபை முன்வைத்த உள்ளக இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டற் கோட்பாடுகளில், காணாமற்போன உறவினரின் கதியை அறியும் உரிமை 16 ஆம் கோட்பாடாகவும், தமக்கு விளங்கும் மொழியில் தொடர்பாடும் உரிமை 22 ஆம் கோட்பாட்டிலும் கூறப்பட்டுள்ளன. ஆகவே இடம்பெயர்ந்தோருக்கான தகவலைச் சலுகையாகக் கருத இடமில்லை.

இனிச் செய்யக்கூடியது

முகாம்கள் மூடப்பட்டுவிட்டன, கைத்தொலைபேசி வந்துவிட்டது, இனி வானொலி எதற்கு எனச் சிலர் கேட்கக்கூடும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உறவுகளைத் தேடும் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அவர்களின் கேள்விக்கு விடை கிடைத்துவிடவில்லை. கைத்தொலைபேசியில் பரவும் செய்திக்குப் பொறுப்பாளர் எவரென்று தெரிவதில்லை. ஊரறிந்த நிலையத்தின் செய்திக்கோ பெயரும் முகவரியும் உண்டு. தவறினால் நேரிற் சென்று கேட்கலாம்.

அவ்வாறான நிலையம் அமையுமாயின் அதன் நிர்வாகத்தில் மீனவர், விவசாயி, ஆசிரியர், மாற்றுத்திறனாளி, பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் எனப் பலருக்கும் இடமிருத்தல் வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சமமாக அமர்தல் வேண்டும். அரசியற் கட்சிக்கோ படைத்தரப்பிற்கோ நன்கொடை நிறுவனத்திற்கோ அது கட்டுப்படலாகாது. நன்கொடை நின்றதும் நிலையமும் நின்றுபோவதைத் தவிர்க்க, கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களும் சிறு பங்களிப்பைச் செய்யலாம்.

சமூக ஒலிபரப்பை அங்கீகரிக்கும் சட்டத்தை ஆக்குமாறு வன்னி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி வலியுறுத்த வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். முள்ளியவளையில் பதிவான ஒரு தாயின் குரலும் புத்தளத்திலிருந்து மீண்ட ஒரு முதியவரின் குரலும் ஒரே அலைவரிசையில் ஒலிப்பதற்கு அச்சட்டமே முதற்படியாகும்.