பட்டும் பட்டில் எழுதிய உருக்களும்

மாளவ தேசத்து மந்தசோரில் ஒரு கல்வெட்டு உளது. வத்ஸபட்டி என்னும் புலவர் இயற்றியது. லாட தேசமாகிய தென்கூர்ச்சரத்தினின்றும் தசபுரத்திற்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழுவினர், கி. பி. 437-ஐ ஒட்டிக் கதிரவனுக்குக் கோயில் எடுத்ததனையும், பழுதுற்ற அதனை 473-ஐ ஒட்டிப் புதுக்கியதனையும் அது பகர்கின்றது. அவருட் சிலர் வில்வித்தையும் சிலர் சோதிடமும் பயின்றனர். ஏனையோர் தறியை விட்டிலர். ஆயினும் கோயிலைப் புதுக்கியவர் பட்டு நெசவாளர் குழுவினர் என்றே கல்வெட்டுக் கூறும். தறியின் பெயர் சொல்ல நாணுவோர் இதனை உன்னுக.

நிற்க. நம் தேவாங்க குலத்தாரும் சாலியரும் விசயநகர வேந்தர் காலத்திற் காஞ்சியை அடைந்தனர் என்பது வழிவழிச் செய்தி. காஞ்சிப் பட்டின் சிறப்புக் கோர்வையில் உள்ளது. உடலுக்கு ஒரு நிறமும் கரைகளுக்கு வேறு நிறமும் வேண்டுங்கால் மூன்று நாடாக்கள் இயங்கும். ஊடிழைகள் கரையோரத்தில் ஒன்றையொன்று பற்றிப் பின்னும். இருவர் அமர்ந்து செய்யும் வேலை அது. ஜக்கார்டுப் பெட்டி வருமுன், எவ்வெப் பாவிழையைத் தூக்குவது என நூலாற் கட்டிவைத்த 'அடை' கொண்டே உருக்களை எழுப்பினர்.

அவ்வுருக்கள் மயிற்கண், உருத்திராக்கம், அன்னம், யாளி, தாழம்பூ ரேக்கு எனப் பல. இருதலைப்பட்சியை எல்லைப்புறத்தாராகிய நாம் நன்கறிவோம். கன்னடர் கண்டபேருண்டம் என்பர். மைசூர் உடையாருக்கு இலச்சினையாய் இருந்து, இன்று கருநாடக அரசின் இலச்சினையிலும் விளங்குவது அதுவே. கட்டம் போட்ட புடைவைக்கும் வேதாந்தப் பொருள் விரிப்பார் சிலர் உளர். எமக்கு அஃது உடன்பாடன்று. கண்ட அழகை நெய்தான் என்பதே சாலும்.

லாவோஸ் நாட்டில் உருவும் பொருளும் இன்னும் பிரியவில்லை. அந்நாட்டு மகளிர் 'சின்' என்னும் அரையாடையிலும் சடங்குத் துணிகளிலும் நாகவுருவை நெய்வர். நாகம் அவர்க்குக் காவல் தெய்வம், நீர்நிலைகளில் உறைவது. தாயிடம் மகள் கற்பாள். 2023-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அந்நெசவை மானிட மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது.

தளி, கெலமங்கலம் பக்கங்களில் மல்பெரி விளைகின்றது; பட்டுக்கூடு ஓசூர் அங்காடிக்குச் செல்கின்றது. நம் இளைஞரோ ஓசூர் ஆலைகளுக்குச் செல்கின்றனர். அதனைக் குறை கூறேம். மந்தசோரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆனால் கணினியில் வரைந்த உருவிற்குப் பெயர் வேண்டுவதில்லை, எண் போதும்; பெயரறிந்த பாட்டிமாரோ ஆண்டுதோறும் குறைகின்றனர். வீட்டுப் பெட்டியிலுள்ள பழம்புடைவைகளை விரித்து, முதியோர் சொல்லும் உருப்பெயர்களைக் கன்னடமாயினும் தெலுங்காயினும் சொன்னவாறே எழுதி, உருவின் படத்துடன் இவ்விதழுக்கு விடுக்க. சவுடேசுவரி அம்மன் திருவிழாவிற்குக் கூடுங்கால் புடைவைகளையே கொணரினும் நன்று.