விரவலா, கூட்டமா? காலராக் கிருமியின் வேதிச் சமிக்ஞையும் ஓ139-இன் பிறப்பும்

நோய்க்கிருமிகள் வேதிச் சமிக்ஞைகளால் தம் கூட்டத்தின் அளவை அறிகின்றன என்ற கொள்கைக்கு எழுந்த எதிர்ப்புகளில் வலுவானது, வான்கூவரின் ரோஸ்மேரி ரெட்ஃபீல்டு 2002இல் 'டிரெண்ட்ஸ் இன் மைக்ரோபயாலஜி' இதழில் எழுதிய சிறு கட்டுரை. நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் 1970இல் ஒளிரும் கடல் பாக்டீரியாவில் கண்டதும், ஃபுகுவா, வைனன்ஸ், கிரீன்பெர்க் 1994இல் அதற்குக் கோரம் உணர்தல் என்று பெயர் வைத்ததும் பலரும் எழுதியவை. அவற்றை இங்கே விரிக்கவில்லை. ரெட்ஃபீல்டின் வாதத்தைத்தான் பலர் மேற்கோள் காட்டிவிட்டுத் தொடாமல் கடந்துபோகிறார்கள்.

அவர் சொல்வது இது. ஒரு பாக்டீரியா நொதிகளைத் தயாரித்து வெளியே விடுவது செலவு பிடிக்கும் வேலை. விட்ட நொதி அடித்துக்கொண்டு போகுமா, அருகிலேயே தங்குமா என்று தெரிந்துகொள்ள மலிவான ஒரு மூலக்கூறை முன்னால் விட்டுப் பார்க்கிறது. அது தங்கினால் நொதியும் தங்கும். மூலக்கூறு பரவிப்போகும் இந்த விரவலைத்தான் செல் அளக்கிறது. இதற்குக் கூட்டமும் வேண்டாம், ஒத்துழைப்பும் வேண்டாம். தனிச்செல்லின் சுயநலமே போதும். ஒத்துழைப்பு என்று வைத்துக்கொண்டால் உழைக்காமல் பலனை உண்ணும் செல்கள் பெருகிக் கூட்டத்தையே கவிழ்த்துவிடும் என்பதும் அவர் கேள்வி. நியாயமான கேள்வி.

அமராவதி நகர் அணையின் தேக்கத்தை எடுத்துக்கொள்வோம். காலராக் கிருமி அங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. நன்னீர்த் தேக்கம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். அத்தனை நீரில் தனியாக மிதக்கும் ஒரு விப்ரியோ (காலராக் கிருமி சேர்ந்த பேரினம்) விட்ட மூலக்கூறு அதனிடம் திரும்பி வராது. அதே செல் ஒரு நுண்ணிறால் வகை உயிரியின் கைட்டின் ஓட்டில் ஒட்டி, உயிரிப்படலத்துக்குள் புதைந்துவிட்டால் மூலக்கூறு அங்கேயே தேங்கும். இதுவரை ரெட்ஃபீல்டு சொல்வது பொருந்துகிறது. அடர்த்தி கூடும்போது ஹாப்-ஆர் என்னும் புரதம் தலையெடுத்துப் புரதச்சிதைப்பு நொதி ஒன்றை வெளியே விடச் செய்கிறது. அதுவும் அவர் பக்கம்தான்.

சிக்கல் காலரா நச்சில் தொடங்குகிறது. நச்சும் செல்லுக்கு வெளியே விடப்படும் புரதமே. விரவல் குறைந்த இடத்தில் அதன் உற்பத்தி கூட வேண்டும். ஆனால் 2002இல் 'செல்' இதழிலும் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழிலும் வந்த இரண்டு ஆய்வுகள் நேர்மாறாகக் காட்டின: அடர்த்தி கூடியதும் ஹாப்-ஆர் நோயாக்கும் மரபணுக்களை அணைக்கிறது. நிறையப் பெருகியபின் குடலை விட்டுக் கிளம்ப ஆயத்தமாகும் கூட்டத்தின் நடத்தை இது என்றே படிக்கிறேன். விரவலை மட்டும் அளக்கும் கருவி, வெளியேற்றப்படும் ஒரு புரதத்தைக் கூட்டி இன்னொன்றைக் குறைப்பானேன்?

இரண்டாவது தடை, சமிக்ஞைகளின் எண்ணிக்கை. விரவலை அளக்க ஒரு மூலக்கூறு போதும். காலராக் கிருமியோ விப்ரியோக்களுக்கே உரிய சிஏஐ-1, பல இனங்களும் தயாரிக்கும் ஏஐ-2 என்று இரண்டைக் கேட்கிறது. 2014இல் கார்ன்ஃபோர்த்தும் உடன் ஆய்ந்தவர்களும், சிதையும் வேகத்தில் வேறுபட்ட இரு சமிக்ஞைகள் இருந்தால் அடர்த்தியையும் விரவலையும் பிரித்தறிய முடியும் என்று காட்டினர். அவர்கள் கண்டது சூடோமோனாஸில். காலராவுக்கு அதை நீட்டுவது என் ஊகம்.

கைட்டின் மேல் வளரும்போது காலராக் கிருமி சூழலில் கிடக்கும் டி.என்.ஏ.வை உள்வாங்குகிறது என்பதை மைபாமும் குழுவினரும் 2005இல் காட்டினர். இதற்கு ஹாப்-ஆர் வேண்டும். 2011இல் சுக்கோவ், சைட்ஸ், ப்ளோகெஷ் மூவரும் இந்தத் திறனைத் தூண்டுவது பெரும்பாலும் சிஏஐ-1தான், ஏஐ-2வின் பங்கு சிறிது என்றனர். உறவினத்தின் டி.என்.ஏ. அருகில் கிடக்கும் நேரம் பார்த்து வாய் திறக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். (டி.என்.ஏ.வை உள்வாங்குவது உணவுக்காகவே என்று நெடுங்காலம் வாதிட்டவரும் ரெட்ஃபீல்டுதான். உணவென்றால் யாருடைய டி.என்.ஏ. என்று பார்ப்பானேன்?) அதே ஆண்டில் அன்டோனோவாவும் ஹாமரும் கலப்புப் படலத்தில் பிற இனங்களின் சமிக்ஞையும் இந்தத் திறனைத் தூண்டும் என்று கண்டதை மறைப்பதற்கில்லை. என் வாதத்தின் மெலிந்த இடம் இதுதான். ஆனாலும் அளவில் முந்துவது சிஏஐ-1.

சோதனைகள் முரண்படும் இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்ட்ரெயினின் பிரதியை. பெருவில் 1991இல் பிரித்தெடுக்கப்பட்ட சி6706 உலகெங்கும் ஆய்வகங்களில் கைமாறிய ஒன்று. அதன் ஒரு பிரதியில், ஹாப்-ஆரைக் கட்டுப்படுத்தும் லக்ஸ்-ஓ புரதத்தின் 333ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின் நிற்கிறது. ஸ்டுட்ஸ்மனும் ப்ளோகெஷும் 2016இல் இதை வெளியிட்டனர். இந்த ஒரு மாற்றத்தால் அடர்த்தி எவ்வளவு கூடினாலும் செல் தனித்திருப்பதுபோலவே நடக்கிறது, டி.என்.ஏ. வாங்கும் திறன் கண்ணில் படாமலே போகிறது. ஏட்டுப் பிரதிகளில் எழுதுவோர் பிழை பாடபேதமாகிப் பரவுவதைப் பதிப்பாசிரியர்கள் அறிவார்கள், இதுவும் அதுவே. இன்னொரு புகழ்பெற்ற ஸ்ட்ரெயினான என்16961இல் ஹாப்-ஆர் மரபணுவே சட்டகம் நகர்ந்து பழுதானது. 2000இல் முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டது இந்த ஸ்ட்ரெயினுக்குத்தான். அந்தப் பழுது நோயாளியின் குடலில் நேர்ந்ததா, ஆய்வகக் குப்பியில் நேர்ந்ததா என்பது தீராத கேள்வி. ஹாப்-ஆர் பழுதானாலும் நோய் வருகிறது என்பதை ரெட்ஃபீல்டு பக்கத்தினர் சான்றாகக் காட்டலாம். நோய்க்கு இன்றியமையாதது அல்ல என்பது வேறு, கூட்டத்தை அறிவதில்லை என்பது வேறு.

இனி நம் கரைக்கு வருவோம். 1992 இறுதியில் சென்னையில், அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய ஓ1 என்னும் மேலுறை வகை அல்லாத ஒரு விப்ரியோ காலராவைப் பரப்பியது. வேலூர், மதுரை, கல்கத்தா, வங்கதேசம் என்று சென்றது. அதுவே ஓ139. சென்னையில் பிரித்தெடுத்த எம்ஓ10 இன்றும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. ஓ1 வகையின் எல் டோர் என்னும் உட்பிரிவுக் கிருமி தன் மேலுறைச் சர்க்கரைக்கான மரபணுத் தொகுப்பை இழந்து, 30 ஆயிரம் கார இணைகளுக்கும் மேல் நீண்ட புதியதொன்றைப் பெற்றதால் இது பிறந்தது. ஸ்டான்ஃபோர்டில் ப்ளோகெஷும் ஸ்கூல்னிக்கும் 2007இல் கைட்டின் மேல் வளர்ந்த ஓ1 கிருமியை டி.என்.ஏ. உள்வாங்கல் மூலமே ஓ139 ஆக மாற்றிக் காட்டினர். இயற்கையிலும் அப்படித்தான் நடந்தது என்றால், 1992இன் கொள்ளைநோய்க்கு முன்னால் ஒரு சிஏஐ-1 சமிக்ஞை நிற்கிறது. நடக்கக்கூடும் என்பதைத்தான் ஆய்வகம் நிறுவியது. நடந்தது என்பதற்கு நேர்ச்சான்று இல்லை. இருந்தும், அவ்வளவு நீண்ட துண்டு மாற்றாக வந்தமர இதைவிட எளிய வழி எனக்குப் புலப்படவில்லை.

இனி, இந்த மேலுறை மாற்றம் எப்போது நடந்தது என்ற காலம் பற்றி. எம்ஓ10இல் கண்டறியப்பட்ட, மருந்துகளை எதிர்க்கும் எஸ்எக்ஸ்டி தொகுப்பு செல்லோடு செல் ஒட்டிக் கடத்தப்படுவது. இந்தச் சமிக்ஞைகளைச் சார்ந்ததன்று. 2011இல் முத்ரேஜாவும் உடன் ஆய்ந்தவர்களும் மரபணு ஒப்பீட்டால் எஸ்எக்ஸ்டி 1978க்கும் 1984க்கும் இடையில் உலகப் பரவலின் இரண்டாம் அலைக்குள் வந்திருக்கும் என்று கணித்தனர். ஓ139ஐயும் அதே அலையில் வைத்தனர். ஆக, மேலுறை மாற்றம் அந்த ஆண்டுகளுக்கும் 1992க்கும் இடையில் எங்கோ விழுகிறது. வங்கக் கடலோரமா, உள்நாட்டுத் தேக்கமா என்பதையும் இந்தக் கணிப்பு சொல்வதில்லை.