இன்சூரன்ஸ் பாலிசி இமெயிலிலா, தபாலிலா? 30 நாள் கெடு எப்போது தொடங்குகிறது? புதுச்சேரிவாசிகளுக்கான விளக்கம்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, மீட்புப் பணிக்கு ராணுவமே இறங்கியது. இப்படி ஒரு வெள்ளம் வடிந்த பிறகு பீரோவைத் திறந்தால் என்ன கிடைக்கும்? ஊறிப்போன பத்திரம், ரேஷன் கார்டு, அதோடு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்த இன்சூரன்ஸ் பாண்டு.

அந்த பாண்டு இமெயிலில் இருந்திருந்தால் நனைந்திருக்காது, உண்மைதான். ஆனால் இமெயிலில் வந்த பாலிசியைத் திறந்தே பார்க்காமல் காலக்கெடுவைத் தவற விடுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் இரண்டு வழிகளையும் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போதைய விதி என்ன?

இன்சூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ, 2024 ஏப்ரல் 1 முதல் புதிய விதிமுறைகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி, விண்ணப்பத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும் சரி, ஆன்லைனில் போட்டாலும் சரி, நிறுவனம் பாலிசியை மின்னணு வடிவில் வழங்க வேண்டும். காகிதத்திலும் வேண்டும் என்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். "இனிமே பேப்பரே கிடையாது சார்" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

இது திடீரென வந்ததும் அல்ல. பாலிசிகளை டிஜிட்டலாகப் பாதுகாக்கும் ரெபாசிட்டரி முறை 2013-லேயே தொடங்கப்பட்டது. கொரோனா காலத்தில் அச்சகமும் கூரியரும் முடங்கியபோது, ஆயுள் காப்பீட்டு பாலிசிகளை இமெயிலில் மட்டும் அனுப்ப 2020 ஆகஸ்டில் தற்காலிக அனுமதி தரப்பட்டது. அந்தப் பழக்கம்தான் இப்போது விதியாகியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1884 முதல் இன்சூரன்ஸ் நடத்திவரும் தபால் துறையே, தன்னுடைய பிஎல்ஐ பாண்டுகளை 2021 முதல் டிஜிலாக்கர் வழியாகவும் தருகிறது. ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோகும் துறையின் பாண்டு, தபால்காரர் வருவதற்கு முன்பே செல்போனில் வந்துவிடும்!

30 நாள் கணக்குதான் முக்கியம்

பாலிசி கைக்கு வந்த பிறகு படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் ரத்து செய்யும் உரிமை உண்டு. இதை 'ஃப்ரீ லுக்' காலம் என்பார்கள். முன்பு பொதுவாக 15 நாட்கள், இப்போது 30 நாட்கள். ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காலத்துக்கான புதிய தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு இது பொருந்தும். மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம், அதுவரை காப்பீடு இருந்த நாட்களுக்கான தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைத் திருப்பித் தருவார்கள். "ஐந்து வருஷம் கட்டினா போதும்" என்று சொல்லி விற்கப்பட்ட பாலிசி, பிரித்துப் பார்த்தால் 15 வருடம் கட்ட வேண்டியதாக இருக்கிறது என்று வையுங்கள். அதிலிருந்து பெரிய நஷ்டம் இல்லாமல் வெளியே வர இந்த 30 நாட்கள்தான் வழி.

இந்த 30 நாள், பாலிசி ஆவணம் உங்களுக்குக் கிடைத்த தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். தபால் என்றால் கையெழுத்துப் போட்டு வாங்கிய நாள் தெளிவாகத் தெரியும். இமெயில் என்றால்? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 13-வது பிரிவு, நீங்கள் குறிப்பிட்டுக் கொடுத்த இமெயிலுக்குள் ஆவணம் நுழைந்த நேரத்தையே பொதுவாகப் பெற்ற நேரமாகக் கொள்கிறது. நீங்கள் எப்போது திறந்து படித்தீர்கள் என்பது கணக்கில் வராது. ஸ்பேம் ஃபோல்டரில் கிடந்தாலும் நாள் ஓடிக்கொண்டே இருக்கும் என்று நினைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

சிக்கல் இங்கேதான். விண்ணப்பம் நிரப்பும்போது "உங்களுக்கு மெயில் ஐடி இல்லையா? என்னோடதையே போட்டுக்கறேன்" என்று சில ஏஜெண்டுகள் சொல்வதுண்டு. உதவியாகத்தான் தெரியும். ஆனால் பாலிசி, பிரீமியம் நினைவூட்டல், ஓடிபி எல்லாம் வேறொருவர் கைக்குப் போகும். இமெயில் இல்லாதவர்கள் மகன், மகள் அல்லது நம்பிக்கையான உறவினர் ஐடியைக் கொடுத்து, காகிதப் பிரதியும் வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடலாம். பாலிசியின் முக்கிய அம்சங்களை எளிமையாகச் சொல்லும் தகவல் தாள் ஒன்றும் வரும். அதைத் தமிழில் கேட்கவும் உரிமை உண்டு.

தபாலில் வருவதென்றால்...

முகவரி சரியாக இருக்க வேண்டும். புதுச்சேரியில் இது அவ்வளவு சுலபம் அல்ல. ஒரே வீதிக்குப் பிரெஞ்சுப் பெயர், தமிழ்ப் பெயர், மக்கள் வாயில் புழங்கும் பெயர். வீட்டுக்குப் பழைய எண், புது எண். போதாக்குறைக்கு, 605 என்று தொடங்கும் பின்கோடு புதுச்சேரிக்கு மட்டுமல்ல, விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டக்குப்பத்துக்கும் ஆரோவிலுக்கும் அதேதான். பாலிசியில் இருக்கும் முகவரியும் ஆதார் முகவரியும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவுத் தபால் இப்போது தனியாகக் கிடையாது, 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைத்துவிட்டார்கள். டிராக்கிங் எண்ணைக் கேட்டு வாங்கினால் கவர் எங்கே நிற்கிறது என்று போனிலேயே பார்க்கலாம். காகித பாண்டு தொலைந்தால் நகல் பாலிசி கிடைக்கும். ஆனால் முத்திரைத்தாளில் உறுதிப் பத்திரம், கட்டணம் என்று கொஞ்சம் அலைச்சல் இருக்கும்.

பிள்ளைகள் பிரான்சில், பெற்றோர் லாஸ்பேட்டையில்

புதுச்சேரியில் பல வீடுகளின் நிலைமை இது. அம்மாவின் பாலிசி எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று பாரிஸில் இருக்கும் மகனுக்குத் தெரியாது. இங்கேதான் இ-இன்சூரன்ஸ் கணக்கு கை கொடுக்கும். பங்குகளுக்கு டீமேட் கணக்கு மாதிரி, எல்லா பாலிசிகளையும் ஒரே இடத்தில் வைக்கும் இலவசக் கணக்கு இது. கேம்ஸ்ரெப், என்எஸ்டிஎல் குழுமத்தின் ரெபாசிட்டரி, சென்ட்ரிகோ போன்றவற்றில் ஏதாவது ஒன்றில் தொடங்கலாம். பழைய காகித பாலிசிகளையும் இதற்கு மாற்றலாம்.

இந்தக் கணக்கில் 'அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி' என்று ஒருவரை நியமிக்கலாம். கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால் அவர் கணக்கைப் பார்த்து, என்னென்ன பாலிசி இருக்கிறது என்று குடும்பத்துக்குச் சொல்ல முடியும். ஆனால் அவர் நாமினி அல்ல, பணம் அவருக்குப் போகாது. நாமினி பெயர் ஒவ்வொரு பாலிசியிலும் தனியாக இருக்க வேண்டும். பான், ஆதார், பாலிசி மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்றில் இன்ஷியல், இன்னொன்றில் பிரெஞ்சு முறையில் முன்னால் குடும்பப் பெயர் என்றால் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ளும்.

வண்டி இன்சூரன்ஸுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டினாலே போதும், சட்டப்படி செல்லும்.

பாலிசி வரவே இல்லையா?

முதலில் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பிறகு ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம். நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால், அல்லது பதில் திருப்தியாக இல்லாவிட்டால், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. புதுச்சேரி நகரத்துக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம். அதே யூனியன் பிரதேசத்தின் மாஹேவில் இருப்பவர்கள் கொச்சிக்கும், ஏனாமில் இருப்பவர்கள் ஐதராபாத்துக்கும் எழுத வேண்டும்.