நடு ஆண்டுகள்: நாஞ்சில் நாட்டுத் தொழில் வாழ்வுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

வேலையில் முன்னேறுவது எப்படி என்று சொல்லும் நூல்களும் மேடைப் பேச்சுகளும் பெரும்பாலும் இரண்டு இடங்களையே சுற்றி வருகின்றன. ஒன்று, வேலைக்குள் நுழையும் வாசல்: தேர்வு, நேர்காணல், விண்ணப்பம். மற்றது, உச்சிக்குப் போய்விட்டவரின் வெற்றிக் கதை. இரண்டுக்கும் நடுவில் பத்து ஆண்டுகள், பதினைந்து ஆண்டுகள், சிலருக்கு இருபத்தைந்து ஆண்டுகள்கூடக் கிடக்கின்றன. பெயர் வெளியே தெரியாது. சம்பளம் மெல்ல ஏறும். எடுத்த தொழில் சரிதானா என்ற ஐயம் அவ்வப்போது தலைகாட்டும். ஒருவருடைய தொழில் வாழ்வு எப்படி அமையும் என்பது அந்த நடு ஆண்டுகளில்தான் முடிவாகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதைப் பார்க்கக் கன்னியாகுமரி மாவட்டம் தக்க களம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் இதுவே. ஏறத்தாழ 92 விழுக்காடு. படித்தவர்கள் மிகுதி, ஆளுக்குரிய நிலம் குறைவு, பெரிய ஆலைகள் அரிது. ஆகவே இங்குள்ள இளைஞர்கள் அரசுத் தேர்வை நோக்கியோ, திருவனந்தபுரம், சென்னை, வளைகுடா என்று வெளியூர் நோக்கியோ போகிறார்கள். நாஞ்சில் நாடு என்பது பழைய வழக்கில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களையே குறிக்கும். ஆனால் ரப்பர் இல்லாமல் இந்த மாவட்டத்தின் உழைப்பைப் பேச முடியாது. அதனால் மேற்கே கல்குளம், விளவங்கோடு வட்டங்களையும் சேர்த்துக்கொள்கிறேன்.

2. கேட்ட வேலையும் கிடைத்த வேலையும்

நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் 1957இல் ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர் கை. சிவன். தமிழ்வழி அரசுப் பள்ளியில் படித்தார். பொறியியல் படிக்க ஆசை, வீட்டில் வசதியில்லை. நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம் சேர்ந்தார். பக்கத்துக் கல்லூரி என்றால் வயல் வேலைக்கும் மகன் துணையிருப்பான் என்பது தந்தையின் கணக்கு. பிறகு நிலத்தை விற்றுச் சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படிக்க வைத்தார். 1982இல் விண்வெளித் துறையில் சேர்ந்தபோதும் விரும்பியது செயற்கைக்கோள் மையம். கிடைத்தது திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் மையம். அங்கே விரும்பியது காற்றியக்கவியல் பிரிவு, கிடைத்தது பி.எஸ்.எல்.வி. ஏவுகலத் திட்டம். கேட்டது ஒருமுறையும் கிடைக்கவில்லை என்பதை அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். 2018இல் இஸ்ரோவின் தலைவரானார்.

இதிலிருந்து, கிடைத்ததில் திருப்தி கொள் என்ற பழைய அறிவுரையைப் பெறுவது தவறு. கவனிக்க வேண்டியது வேறொன்று. விரும்பியது கிடைக்காத ஒவ்வோர் இடத்திலும், கிடைத்த வேலைக்குள் தனக்குத் தெரிந்த கணிதத்துக்கு எங்கே இடமிருக்கிறது என்று அவர் தேடினார். பிரிவின் பெயரைப் பார்த்து மனம் உடைந்து போகிறவர்கள் இந்தத் தேடலைத் தொடங்குவதே இல்லை.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908இல் ஒழுகினசேரியில் பிறந்தவர். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன் அவர். விற்பனையோடு மேடையையும் தினமும் பார்த்தார். வில்லுப்பாட்டு அந்த மண்ணிலேயே காதில் விழுந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவுக்குப் போனபோது அவர் வெறுங்கையோடு போகவில்லை. 1930களின் நடுவில் திரைக்கு வந்தவர், பிற்காலத்தில் ‘கிந்தனார்’ காலட்சேபத்தை ‘நல்லதம்பி’யில் கொடுத்தார். மேடைக்கு வெளியே நின்று கேட்ட காலம் அவருக்கு வீணாகவில்லை.

இங்கே என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. நம் ஊரில் பட்டம் முடித்த பிள்ளைகள் நான்கைந்து ஆண்டுகள் வேறெதையும் தொடாமல் போட்டித் தேர்வுக்கு மட்டும் படித்துக்கொண்டிருப்பது எனக்குக் கவலை தருகிறது. தேர்வு எழுதட்டும், அரசு வேலை மதிப்பான வேலைதான். ஆனால் அந்தக் காலத்தில் தினம் அரை நாளாவது ஒரு கணக்காளரிடமோ அச்சகத்திலோ பள்ளியிலோ மருந்துக் கடையிலோ வேலை பார்த்திருந்தால், தேர்வு கைவிட்டாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். நாஞ்சில் நாடனின் ‘மிதவை’ நாவல், படித்துவிட்டு வேலை தேடிப் பம்பாய்க்குப் போகும் இளைஞனைப் பேசுகிறது. 1986இல் வந்த நூல். அந்த இளைஞனின் தவிப்பு இன்றும் வடசேரிப் பேருந்து நிலையத்தில் பெட்டியோடு நிற்கிறது.

3. கைப்பழக்கம்

அலுவலக வேலை செய்கிறவர்கள் தொழில் கற்பது பற்றி அறிய வேண்டுமானால், குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் நின்று பார்க்க வேண்டும். பால்வெட்டுக்காரர் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறார். வெயில் ஏறுமுன் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக இறங்கும். முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை முதலில் உரித்து எடுக்கிறார். பிறகு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, பட்டையில் ஒரு மெல்லிய சீவலை இழுக்கிறார். பால் சுரக்கும் குழாய்கள் மரத்தில் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால்தான் வெட்டு இந்தத் திசையில். இப்படி வெட்டினால் குழாய்கள் அதிகம் அறுபடும்.

வெட்டு ஆழமாகவும் போக வேண்டும். பட்டையைப் புதிதாக வளர்க்கும் உட்படலத்தைத் தொடவும் கூடாது. நடுவில் விட வேண்டிய இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதைக் கண்ணால் அளக்க முடியாது. கத்தி பிடித்த கைக்குத்தான் தெரியும். படலத்தில் காயம் பட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, பால்கூடக் கொஞ்சம் கூடுதலாக வரலாம். ஆனால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தில் மறுபடி கத்தி வைக்கும்போதுதான் இன்றைய அவசரத்தின் விலை தெரியவரும்.

நடு ஆண்டுகளின் வேலை பெரும்பாலும் இவ்வகைதான். வகுப்பாசிரியர் பாடத்தை ஒப்பேற்றினால் அந்த ஆண்டுத் தேர்ச்சி விகிதம் குறையாது. மூன்று வகுப்பு தாண்டித்தான் பிள்ளை தடுமாறும். மென்பொருள் எழுதுகிறவர் குறுக்கு வழியில் முடித்தால் வாடிக்கையாளருக்கு அன்றே கொடுத்துவிடலாம். திருத்த வருகிற அடுத்தவர் தலையில் அது விடியும். குறை உடனே தெரியாத இடங்களில் ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பதைக் கூட இருக்கும் சிலர் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். பெரிய பொறுப்பு வரும்போது அந்தச் சிலரின் சொல்தான் எடுபடுகிறது.

வடசேரியின் கோவில் நகைத் தொழில் இன்னொன்றைக் காட்டுகிறது. புவிசார் குறியீடு பெற்ற இந்த நகை, பரதநாட்டிய மேடைகளில் எங்கும் காணப்படுவது. வெள்ளியில் சட்டம் கட்டுதல், அரக்கு நிரப்புதல், கெம்புக் கல் பதித்தல், தங்கத் தகடு ஒட்டுதல் என்று வேலை கைமாறிக் கைமாறிப் போகும். கல் பதிப்பவருக்குக் குழி எந்த ஆழத்தில் இருந்தால் வசதி என்பது சட்டம் கட்டுகிறவருக்குத் தெரிந்திருந்தால்தான் நகை ஒழுங்காக வரும். எந்தத் தொழிலிலும் தனக்கு அடுத்த கை யாருடையது, அவருக்கு என்ன தேவை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது ஒரு பிற்பகல் வேலைதான். பலர் பணி ஓய்வு வரை அதைக் கேட்பதில்லை.

4. ஒரே சிக்கலோடு தங்குதல்

4.1 இருவர், இரு வழிகள்

சிவன் பி.எஸ்.எல்.வி. திட்டத்தில் சேர்ந்தது 1982. அந்த ஏவுகலம் முதன்முதலில் பறந்தது 1993 செப்டம்பர் 20இல், அதுவும் தோல்வி. வெற்றி வந்தது 1994 அக்டோபரில். ஓர் இளைஞர் தன் முதல் வேலையின் பலனைப் பார்க்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் அவர் பற்றியிருந்த சிக்கல் ஏவுகலத்தின் பாதையைக் கணக்கிடுவது. ‘சித்தாரா’ என்ற பாதைப் போலச்செய்தல் மென்பொருளின் முதன்மை வடிவமைப்பாளர் அவர். ஏவும் நாளன்றே மேலே வீசும் காற்றை அளந்து, அதற்கேற்பப் பாதையைத் திருத்தும் முறையையும் உருவாக்கினார். காற்று எப்படியிருந்தாலும் ஆண்டின் எந்த நாளிலும் ஏவலாம் என்ற நிலை அதனால் வந்தது. பிற்பாடு 2017 பிப்ரவரி 15இல் ஒரே ஏவுகலத்தில் 104 செயற்கைக்கோள்கள் போனபோது, விக்ரம் சாராபாய் மையத்தின் இயக்குநர் அவரே.

இதே மாவட்டத்தின் மேலகாட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணனின் வழி வேறு. பட்டயப் படிப்பு முடித்து, தனியார் ஆலைகளிலும் பெல் நிறுவனத்திலும் வேலை பார்த்து, 1984இல் இஸ்ரோவுக்கு வந்தார். முதல் சில ஆண்டுகள் திட எரிபொருள் பிரிவில் இருந்தார். பின்னர் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியல் படித்து 1989இல் முதலிடம் பெற்றார். மிகக் குளிர்ந்த திரவ ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் கிரையோஜெனிக் எந்திரத்தின் நுட்பத்தை ரஷ்யா தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க அழுத்தத்தால் அது நின்றுபோனது. நாமே செய்தாக வேண்டிய நிலை. எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத வேலையாக அது மாறிய காலத்தில், நாராயணன் அதற்குள்ளேயே இருந்தார். 2025 ஜனவரியில் அவரும் இஸ்ரோவின் தலைவரானார்.

நடு ஆண்டுகளில் ஒருவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கே கிடைக்கிறது: என் அலுவலகத்தில் எல்லோரும் தள்ளிப்போடும் சிக்கல் எது? வங்கிக் கிளையில் அது பத்தாண்டாகத் தீராத ஒரு கணக்காக இருக்கலாம். மருத்துவமனையில் அது பழைய நோயாளிகளின் பதிவேடாக இருக்கலாம். அதை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டு அதோடு இருப்பவருக்கு, பதவிப் பட்டியலில் இல்லாத ஓர் இடம் உண்டாகிறது. அந்தச் சிக்கல் எப்போது எழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

4.2 தோல்வியைக் கையாளுதல்

2010 ஏப்ரலில் உள்நாட்டுக் கிரையோஜெனிக் எந்திரத்தோடு ஏவிய ஜி.எஸ்.எல்.வி. ஏவுகலம் தோற்றது. 2011இல் அந்தத் திட்டத்தின் பொறுப்பு சிவனிடம் வந்தது. 2013 ஆகஸ்ட் 19 அன்று எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தபோது, ஏவுவதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் இருக்கையில், இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிவு தெரிந்தது. ஏவுதலை நிறுத்தினார்கள். ஏவுகலத்தைத் திரும்பக் கொண்டுபோய், குறையுள்ள நிலையை மாற்றி, 2014 ஜனவரி 5 அன்று ஏவினார்கள், வென்றது.

அந்த ஆகஸ்ட் நாளை எல்லாத் தொழிலாளரும் நினைவில் வைக்கலாம். நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்து என்று சொல்வதற்குத் தேவையான மனத்திடம், ஏவும்போது தேவைப்படுவதைவிட அதிகம். கெடு தேதி நெருங்கும்போது தெரிந்த குறையை மேலதிகாரியிடம் சொல்லாமல் விடுவதே நம் பணியிடங்களின் பெரிய நோய் என்று நினைக்கிறேன். குறையைச் சொல்கிறவர், என்ன குறை, சரிசெய்ய எத்தனை நாள், என்ன தேவை ஆகிய மூன்றையும் ஒரே தாளில் கொண்டுபோனால் பேச்சு பழிபோடுவதில் முடியாது.

தொழிலுக்கு வெளியிலிருந்து வரும் அடி வேறு வகை. பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கைதான என்.எஸ். கிருஷ்ணன், வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் விடுதலையானார். திரும்பி வந்து நடித்தார்; படம் எடுத்தார்; 1951இல் ‘மணமகள்’ படத்தை இயக்கினார். அவருக்கென்று மனைவியும் உடன் நடித்தவருமான டி.ஏ. மதுரமும் ஒரு குழுவும் இருந்ததை மறக்கக் கூடாது. தனியாளாக அவர் மீண்டுவிடவில்லை.

5. சோற்றுக்கான வேலையும் உள்ளத்துக்கான வேலையும்

தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பள்ளி ஆசிரியர். கோட்டாற்றிலும் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பாடம் சொல்லி 1931இல் ஓய்வு பெற்றார். ‘மலரும் மாலையும்’ 1938இல் வந்தது. ‘ஆசிய ஜோதி’ 1941இல். உமர் கய்யாம் பாடல்கள் 1945இல். அவருடைய புகழ்பெற்ற நூல்கள் பலவும் ஓய்வுக்குப் பின் வந்தவை. ஆனால் அவை ஓய்வுக்குப் பிறகு திடீரென்று முளைக்கவில்லை. வகுப்பறையில் குழந்தைகளோடு பழகிய மொழிதான் அந்த எளிமையாயிற்று.

தேங்காய்ப்பட்டினத்துத் தோப்பில் முகமது மீரான் வத்தல் வணிகர். 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். எழுத்தாளர் சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தினார். நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தவர். 2010இல் அதே விருது அவருக்கு. இவர்கள் எல்லோரும் பிழைப்பை இகழாமல், அதைக் கண் திறந்து பார்த்தார்கள். வேறொன்றில் நாட்டம் உள்ள எழுத்தருக்கோ செவிலியருக்கோ இங்கே நடைமுறையான வழி உண்டு. பகல் வேலையை ஒழுங்காக முடிப்பவருக்கே மாலை தலை காலியாகக் கிடைக்கும். அரைகுறையாக விட்ட கோப்பு இரவு வீட்டுக்கும் வந்துவிடும்.

6. மறுப்புகள்

மேலே வந்தவர்களை மட்டும் பார்த்து விதி சொல்வது ஆபத்து. இதே உழைப்போடு இருந்து அறியப்படாமல் போனவர்கள் ஆயிரம் பேர் உண்டு. சிவனின் தந்தைக்கு விற்க ஒரு துண்டு நிலம் இருந்தது. நிலமே இல்லாத முந்திரி ஆலைத் தொழிலாளியின் மகளுக்கு என்ன வழி என்ற கேள்விக்கு, கடும் உழைப்பு என்ற ஒற்றை விடை போதாது.

உழைப்போடு வேறென்ன வேண்டும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி ஒருவரின் மனைவியான மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமை நிலையிலிருந்த சில பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். கைத்திறனோடு, அதற்குக் கூலி கொடுக்க ஓர் இடமும் வேண்டியிருந்தது.

நடு ஆண்டுகள் என்று நான் பேசிய காலம், பெண்களுக்குத் திருமணமும் பேறுகாலமும் பிள்ளை வளர்ப்பும் வந்து விழும் அதே காலம். ஓர் ஆண் ஒரு சிக்கலோடு பன்னிரண்டு ஆண்டு தங்க முடிவதற்குப் பின்னால், பெரும்பாலும் வீட்டில் ஒரு பெண் தன் பன்னிரண்டு ஆண்டுகளைக் கொடுத்திருக்கிறாள். ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் திரும்ப விரும்பும் ஆசிரியையோ செவிலியோ தன் தொழில்பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பதும், வாரம் ஒரு நாளாவது பழைய இடத்தோடு தொடர்பு விடாமலிருப்பதும் அவர் செய்யக்கூடியவை. அவரைப் புதியவராகக் கணக்கிட்டு அடிமட்டச் சம்பளத்தில் உட்கார வைக்காமல், முன்பு பார்த்த ஆண்டுகளையும் பணிமூப்பில் சேர்ப்பது நிர்வாகம் செய்ய வேண்டியது. மாவட்டத்தின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இதை அடுத்த பணி நியமனத்திலேயே தொடங்கலாம்.