கோரஸ் கேட்டவர்களும் கொடுத்தவர்களும்

பண்டைய ஏதென்ஸில் ஒரு கவிஞர் நாடகம் எழுதி முடித்ததும் அவருக்கு முதலில் வேண்டியிருந்தது அரங்கமோ நடிகரோ அல்ல, ஒரு கோரஸ். ஆடிப்பாடும் அந்தக் குழு இல்லாமல் துன்பியலும் இல்லை, இன்பியலும் இல்லை. அதைத் தரும் அதிகாரம் நகரத்திடம் இருந்தது. அதனால்தான் அக்காலத்துக் கிரேக்கர், ஒரு கவிஞர் விழாவில் இடம் கேட்டார் என்பதைக் 'கோரஸ் கேட்டார்' என்றும், இடம் கிடைத்ததைக் 'கோரஸ் கொடுக்கப்பட்டது' என்றும் வழங்கினர். ஒரு நகரம் தன் நிகழ்த்துகலைகளுக்குப் பொதுப்பணத்தையும் பொது அதிகாரத்தையும் பங்கிட்டுக் கொடுத்த வரலாற்றில் நமக்கு ஓரளவு விரிவாகத் தெரியவரும் மிகப் பழைய ஏற்பாடு இதுவே எனலாம்.

கிரேக்க நாடகங்களை வாசிக்கும் நாம் ஈஸ்கிலஸ், சாஃபக்ளீஸ், யூரிப்பிடிஸ் என்று கவிஞர்களிடமிருந்தே தொடங்குகிறோம். வகுப்பறைகளிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். அந்த நாடகங்களின் செலவுக்கணக்கு நம் கண்ணில் படுவதில்லை. இலக்கியத்துக்குப் புறம்பானது என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் எந்த நாடகம் நம் கைக்கு வந்தது, எது வராமலே போயிற்று என்பதில் அந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

நகரத்தின் பெரிய டயோனிசஸ் விழா வசந்தத்தில், ஏறத்தாழ நம் பங்குனி மாதத்தில் நடந்தது. அதற்கான வேலை முந்தைய கோடையிலேயே தொடங்கிவிடும். ஆண்டுதோறும் கோடையின் நடுவில் பதவியேற்கும் ஆர்க்கன் என்னும் அதிகாரியின் முதல் வேலைகளுள் ஒன்று, துன்பியல்களுக்காக ஏதென்ஸின் பெருஞ்செல்வர்களில் மூவரைக் கொரேகோஸாக நியமிப்பது. கொரேகோஸ் என்பவர் ஒரு கோரஸின் செலவை ஏற்பவர். இதை அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் 'ஏதென்ஸ் அரசமைப்பு' தெளிவாகவே சொல்கிறது. துன்பியலுக்கு மூன்று கவிஞர்கள், ஒவ்வொருவருக்கும் மூன்று துன்பியல்களும் ஒரு சத்திர நாடகமும். இன்பியலுக்கு வழக்கமாக ஐந்து கவிஞர்கள். இவை தவிர, நகரின் பத்துக் குலங்களும் ஐம்பது பேர் கொண்ட பாடற்குழுக்களை அனுப்பின. ஆண்களுக்கு ஒரு போட்டி, சிறுவர்களுக்கு ஒரு போட்டி.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். கி.மு. 487க்குப் பிறகு ஆர்க்கன் பதவி குலுக்கலில் கிடைத்தது. கவிதையில் பயிற்சி வேண்டும், நாடகம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. குலுக்கலில் பெயர் வந்த ஒருவர், ஓராண்டுக் காலம் மட்டும் அந்த இருக்கையில் இருந்தபடி, சாஃபக்ளீஸுக்குக் கோரஸ் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தார். சில வேளைகளில் வேண்டாம் என்றும் முடிவு செய்தார். இன்பியல் கவிஞர் கிராட்டினஸ் தம் நாடகமொன்றில், சாஃபக்ளீஸ் கேட்டபோது மறுத்துவிட்டு நீசிப்பஸ் என்பவருக்குக் கோரஸ் கொடுத்த ஆர்க்கனைச் சாடியிருக்கிறார். அந்த நாடகம் துண்டுதுண்டாகவே எஞ்சியிருக்கிறது. நீசிப்பஸின் எழுத்து கிட்டத்தட்ட முழுதும் அழிந்துபோயிற்று. கிராட்டினஸுக்கே ஒரு முறை கோரஸ் மறுக்கப்பட்டதாகவும், அந்தக் கோபமே அந்நாடகத்தின் தொடக்கமாக அமைந்ததாகவும் பிற்கால அகராதிக் குறிப்பொன்று சொல்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கலைஞரின் மனக்குறை இரண்டாயிரத்து நானூறு ஆண்டுப் பழமை உடையது. புதிய செய்தி, அந்தக் குறையை அதே நகரத்தின் மேடையில், அதே நகரத்தின் ஏற்பாட்டில், அதிகாரியைச் சுட்டியே சொல்ல முடிந்தது என்பதுதான்.

செலவு இரண்டாகப் பிரிந்தது. கவிஞருக்கும் முதன்மை நடிகர்களுக்கும் ஊதியமும் பரிசும் நகரத்தின் கருவூலத்திலிருந்து வந்தன. கோரஸுக்கு ஆள் சேர்ப்பது, மாதக்கணக்கில் பயிற்சி தருவது, அவர்களுக்கு உணவளிப்பது, உடையும் முகமூடியும் செய்விப்பது ஆகிய அனைத்தும் கொரேகோஸின் சொந்தப் பணம். இந்தக் கடமையை அவர்கள் 'லெய்தூர்கியா' என்றனர். 'மக்களுக்கான வேலை' என்று அதைப் பெயர்க்கலாம். போர்க்கப்பல் ஒன்றை ஓராண்டு பராமரிப்பதும் இதே வகைக் கடமையே. வரி என்று சொன்னால் அதில் இருந்த பெருமை விடுபட்டுப் போகும். கொடை என்று சொன்னால் கட்டாயம் விடுபட்டுப் போகும். நியமிக்கப்பட்டவர் தம்மைவிடச் செல்வம் மிக்க இன்னொருவரைச் சுட்டிக்காட்டி, 'அவர் ஏற்கட்டும், இல்லையேல் எங்கள் இருவர் சொத்தையும் மாற்றிக்கொள்வோம்' என்று சட்டப்படி அறைகூவலாம். இப்படி ஒரு விதியை வகுத்தவர்களுக்குச் செல்வர்களின் மனம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

எவ்வளவு செலவாயிற்று? லிசியாஸ் எழுதிக்கொடுத்த வழக்குரை ஒன்று இதற்குச் சரியான சான்று. பெயர் தெரியாத ஓர் இளைஞர், ஊழல் குற்றச்சாட்டுக்கு மறுமொழியாகத் தம் பொதுச்செலவுகளை நடுவர்முன் வரிசையாக ஒப்பிக்கிறார். வயது வந்தவராகப் பதிவான உடனே, கி.மு. 411-410இல் துன்பியல் கோரஸுக்கு 3,000 திராக்மா. இரண்டு மாதம் கழித்துத் தார்கேலியா விழாவில் ஆண்கள் பாடற்குழுவுக்கு 2,000. மறு ஆண்டு டயோனிசஸ் விழாவில் ஆண்கள் பாடற்குழுவுக்கு, வெற்றிச் சின்னமான முக்காலியை நிறுவிய செலவும் சேர்த்து, 5,000. சில ஆண்டுகள் கழித்து ஓர் இன்பியலுக்கு 1,600. கைவினைஞர் ஒருவரின் நாட்கூலி ஒரு திராக்மா அளவில் இருந்த காலம் அது. சட்டம் கேட்டதை மட்டும் செய்திருந்தால் இதில் கால்பங்குகூடச் செலவாகியிருக்காது என்கிறார் அவர்.

இந்தப் பட்டியலில் இரண்டு செய்திகள் நம்மை நிறுத்துகின்றன. ஒன்று, துன்பியலைவிட ஐம்பது பேர் பாடற்குழுவுக்கு அதிகச் செலவாகியிருக்கிறது. நாம் இன்று கொண்டாடும் கலைவடிவம் அன்றைய நகரத்தின் மிகப் பெரிய செலவு அல்ல. எங்கு குலத்தின் பெருமை போட்டியில் இருந்ததோ அங்கேதான் பணம் அதிகம் பாய்ந்தது. அப்பாடல்களோ பெரும்பாலும் அழிந்துவிட்டன. மற்றொன்று, ஏதெனியர் போருக்குச் செலவிட்டதைவிட நாடகத்துக்குச் செலவிட்டதே அதிகம் என்று பிற்காலத்தில் புளூட்டார்க் பழித்தாரே, அதை இவர் கணக்கு ஆதரிக்கவில்லை. ஏழு ஆண்டுகள் போர்க்கப்பல் பராமரித்ததில் மட்டும் இவருக்கு ஆறு தாலந்து, அதாவது 36,000 திராக்மா செலவாயிற்று. அவர் சொல்லும் பாடற்குழு, ஆடற்குழுச் செலவுகள் அனைத்தையும் கூட்டினாலும் மூன்று தாலந்தைத் தொடவில்லை.

பணம் கொடுத்தவர் எதை எதிர்பார்த்தார் என்பதையும் அந்த இளைஞர் மறைக்கவில்லை. நான் உங்களுக்குச் செய்தேன், இப்போது நீங்கள் என்னைக் காப்பாற்றுங்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். கி.மு. 472இல் ஈஸ்கிலஸின் 'பாரசீகர்'க்குக் கொரேகோஸாக இருந்தவர் பெரிக்ளிஸ்; அப்போது அவருக்கு இருபத்து சொச்சம் வயதுதான். அரசியலுக்குள் நுழைய அது ஒரு நல்ல வாசல். நீசியஸ் தம் கோரஸ்களின் பகட்டால் மக்களைக் கவர்ந்தார், ஒருமுறையும் தோற்கவில்லை என்று புளூட்டார்க் எழுதுகிறார்.

பெருமை எங்குண்டோ அங்கே அடிதடியும் உண்டு. ஆல்சிபயாடிஸ் எதிர்க்குழுவின் கொரேகோஸை அறைந்த கதை ஊரறிந்தது. அதைவிட விரிவாகப் பதிவானது டெமாஸ்தனிஸின் கதை. அவருடைய பாண்டியோனிஸ் குலத்துக்குக் கொரேகோஸ் அமையவில்லை. ஆர்க்கனும் குலப் பொறுப்பாளர்களும் மக்கள் அவையில் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தபோது டெமாஸ்தனிஸ் எழுந்து தாமே ஏற்பதாகச் சொன்னார். குழல் வாசிப்பவரைத் தேர்ந்துகொள்ளும் வரிசைக்கான குலுக்கலில் அவருக்கே முதலிடமும் விழுந்தது, அவை ஆரவாரித்தது. பிறகு விழா நாளில், கி.மு. 348ஆம் ஆண்டளவில், அவருடைய நெடுநாள் பகைவர் மெய்டியஸ் அரங்கத்திலேயே அவர் முகத்தில் குத்தினார். கோரஸுக்கென்று செய்துவைத்த உடைகளையும் பொன்முடிகளையும் அழிக்கப் பொற்கொல்லர் வீட்டுக்குள் இரவில் புகுந்தார் என்பதும் டெமாஸ்தனிஸின் குற்றச்சாட்டு. விழா முடிந்தபின் அதே அரங்கத்தில் கூடும் மக்கள் அவை மெய்டியஸுக்கு எதிராக வாக்களித்தது. ஆனால் வழக்கை டெமாஸ்தனிஸ் முப்பது மினாவுக்கு விற்றுவிட்டார் என்று எஸ்கினிஸ் பின்னர் ஏசினார். முப்பது மினா என்றால் 3,000 திராக்மா. லிசியாஸின் இளைஞர் ஒரு துன்பியல் கோரஸுக்குக் கொடுத்த விலை.

இத்தனை பணமும் பகையும் புழங்கிய இடத்தில் பரிசை யார் தீர்மானிப்பது? நகரம் இதற்குக் கண்ட வழி, யார் நடுவர் என்பதைக் கடைசி நேரம்வரை யாருக்கும் தெரியாமல் வைப்பது. குலத்துக்கு ஒரு கலயமாக நடுவர் பெயர்கள் இடப்பட்டு, முத்திரையிடப்பட்டு, அக்ரோபோலிஸில் பாதுகாக்கப்பட்டன. முத்திரையைக் குலைப்பவருக்கு மரண தண்டனை. விழாவில் கலயத்துக்கு ஒரு பெயராகப் பத்துப் பேர் எடுக்கப்பட்டனர். அவர்கள் எழுதிய வாக்குகளிலும் சிலவே குலுக்கலில் எடுத்து எண்ணப்பட்டன என்பது அறிஞர் பலரின் கருத்து. இந்த முறை ஊழலைத் தடுத்தது. ரசனையை அது உறுதி செய்யவில்லை. கி.மு. 431இல் யூரிப்பிடிஸின் 'மெடியா' மூவரில் மூன்றாவதாக வந்தது. சாஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்ன'னை வென்றவர் ஃபிலாக்ளீஸ். அவர் நாடகம் ஒன்றுகூட முழுமையாக மிஞ்சவில்லை.

ஆயினும் நம் மதிப்பீட்டில் இந்த ஏற்பாட்டின் பெருமை பரிசில் இல்லை. தோற்றவருக்கு மறுபடியும் கோரஸ் கிடைத்ததில் இருக்கிறது. யூரிப்பிடிஸ் வாழ்நாளில் நான்கே முறை வென்றார். இருந்தும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆர்க்கன் மாறி ஆர்க்கனாக அவருக்குக் கோரஸ் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரே குழு நிலையாக அமர்ந்து தேர்வு செய்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது ஐயமே.

எல்லையே இல்லாமல் கொடுத்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. ஃப்ரினிகஸ் என்னும் கவிஞர், பாரசீகரிடம் அப்போதுதான் வீழ்ந்திருந்த மிலேட்டஸ் நகரத்தின் துயரை நாடகமாக்கினார். அரங்கம் முழுதும் அழுதது. தம் வீட்டுத் துன்பத்தை நினைவூட்டினார் என்று அவருக்கு 1,000 திராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தை இனி யாரும் நிகழ்த்தக்கூடாது என்றும் ஆணையிட்டனர் என்கிறார் ஹெரோடோட்டஸ். அதே நகரம்தான் கி.மு. 424இல் அரிஸ்டாஃபனிஸின் 'குதிரை வீரர்'க்கு லெனாயா விழாவில் கோரஸ் கொடுத்தது. அன்று செல்வாக்கின் உச்சத்தில் இருந்த கிளியோனை முதலிலிருந்து முடிவுவரை இழிவுசெய்யும் நாடகம் அது. முதற்பரிசும் பெற்றது. சில வாரங்களில் அதே மக்கள் கிளியோனைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சித்திரம் நிறைவு பெறும்.

பார்ப்பவர்களுக்கும் பணம் கொடுக்கப்பட்டது. அரங்க நுழைவுக்கான இரண்டு ஓபல் காசை ஏழைக் குடிமக்களுக்கு வழங்கும் 'தியோரிகான்' என்னும் நிதி, கி.மு. நான்காம் நூற்றாண்டின் நடுவில் யூபுலஸின் காலத்தில் பெரிதாக வளர்ந்து, கருவூலத்தின் உபரியையே உறிஞ்சத் தொடங்கியது. மாசிடோனியாவின் ஃபிலிப் ஒலிந்தஸை நெருக்கியபோது, உபரியைப் போருக்குப் பயன்படுத்தலாமா என்று மக்களே முடிவு செய்யட்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார் அப்பொல்லோடோரஸ். அவை ஏற்றது. ஆனால் தீர்மானம் சட்டவிரோதம் என்று வழக்குத் தொடுத்து அவருக்கு ஒரு தாலந்து தண்டம் வாங்கிக்கொடுத்துவிட்டனர். டெமாஸ்தனிஸ் தம் உரைகளில் இந்த நிதியைச் சுற்றிச் சுற்றி வருகிறாரே தவிர, எடுங்கள் என்று நேரே தீர்மானம் கொண்டுவரவில்லை. கி.மு. 348இல் ஒலிந்தஸ் வீழ்ந்தது. நிதி படைக்குத் திருப்பப்பட்டது கி.மு. 339-338இல். கெய்ரோனியாவில் தோற்றதும் அதே ஆண்டுக் கோடையில்தான். நாடகக் காசுதான் ஏதென்ஸை அழித்தது என்று பழைய வரலாற்றாசிரியர் சிலர் எழுதியதை நாம் ஏற்கவில்லை. இரண்டு ஓபல் காசால் ஒரு பேரரசுப் படையை நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் கலைக்கு ஒதுக்கிய பணத்தைத் தொட அஞ்சிய ஒரு மக்களாட்சியை வரலாற்றில் வேறெங்கு காண்போம்?

கொரேகோஸ் முறை கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்தது. மாசிடோனியரின் ஆதரவில் கி.மு. 317 முதல் 307 வரை நகரை ஆண்ட ஃபலேரம் ஊர் டெமெட்ரியஸ் அதை ஒழித்தார் என்று பொதுவாகக் கொள்வர். செல்வர்கள் வீண்போட்டியில் சொத்தழிப்பதைத் தடுத்தார் என்பது அவரைப் புகழ்வோர் சொல்வது. அதன்பின் பல கொரேகோஸ்களின் இடத்தில் 'அகோனோதெட்டிஸ்' என்னும் ஒரே விழா அதிகாரி வந்தார். கணக்குப்படி செலவு நகரத்துடையது. நடைமுறையில் அந்த அதிகாரி தம் கையிலிருந்தும் கொட்டவேண்டியிருந்தது.

இந்த மாற்றத்தைக் கல்லிலேயே பார்க்கலாம். ஏதென்ஸில் இன்றும் நிற்கும் லிசிகிராட்டிஸ் நினைவுச்சின்னம் கி.மு. 335-334இல் சிறுவர் பாடற்குழு வென்றதற்கு எடுத்தது. கொரேகோஸ், குலம், குழலிசைத்தவர், பயிற்சியளித்தவர், ஆர்க்கன் என அத்தனை பெயரும் அதில் உண்டு; முதற்பெயர் பணம் கொடுத்தவருடையது. அக்ரோபோலிஸின் தென்சரிவில், அரங்கத்துக்கு நேர்மேலே, கி.மு. 320-319இல் திராசில்லஸ் என்பவர் தாம் கொரேகோஸாக வென்றதற்கு ஒரு சின்னம் எழுப்பினார். அரைநூற்றாண்டு கழித்து, கி.மு. 271-270இல், அவர் மகன் திராசிக்ளிஸ் விழா அதிகாரியானபோது தந்தையின் சின்னத்திலேயே தம் ஆண்டின் வெற்றிகளையும் பொறித்தார். அந்தப் பொறிப்புகளில் கொரேகோஸ் என்று எந்த மனிதரின் பெயரும் இல்லை. அந்த இடத்தில் 'மக்கள்' என்று இருக்கிறது. விழா அதிகாரி திராசிக்ளிஸ் என்பது அடுத்து வருகிறது. 1827இல் துருக்கிய முற்றுகையில் பீரங்கிக் குண்டுகள் அந்தச் சின்னத்தைத் தகர்த்தன. அதன் உச்சியில் வீற்றிருந்த, தலையிழந்த டயோனிசஸ் சிலை இப்போது லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.