வழிப்போக்கர் அறங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. கிணறும் கேணியும் குளமுமே மக்களுக்கு நீர் தந்தன. 1905-ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுறுமுன் நம்மவர் பெரும்பாலும் நடந்தோ மாட்டுவண்டியிலோதான் பயணஞ் செய்தனர். வெயிலில் நடப்போர்க்கு வேண்டுவன நீர், நிழல், சுமையிறக்க ஓரிடம் ஆகிய மூன்றுமேயாம். அரசாங்கம் தருமெனக் காத்திராது, இவற்றை ஊரவரே அமைத்தனர்.

சுமைதாங்கியை எடுத்துக்கொள்வோம். நிறுத்திய கற்களின்மேல், ஏறத்தாழத் தோளுயரத்தில், ஒரு கல்லைக் கிடத்தினால் அது சுமைதாங்கி. கடகத்தைத் தலையிற் சுமந்து சந்தைக்குச் செல்லும் பெண் அதனை நிலத்தில் இறக்கிவிட்டால், மீண்டும் தூக்கிவிடப் பிறிதொருவர் வேண்டும். சுமைதாங்கியிலோ தானே இறக்கித் தானே ஏற்றிக்கொள்ளலாம். துணையில்லா வழியில் துணைக்கை அக்கல்லே. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுதல் வழக்கமாயிருந்தது. சுமையிறக்காது மறைந்தவள் பொருட்டுப் பிறர் சுமை இறங்கட்டும் என்பது சுற்றத்தாரின் எண்ணம்.

பருத்தித்துறையிலே தெருமூடிமடம் உண்டு. தெருவின் இருமருங்கும் கற்றூண்களும் திண்ணைகளும் அமைத்து, தெருவையும் சேர்த்தே கூரையிட்டனர். வழிச்செல்வோன் ஒதுங்க இடந்தேடிப் போகவேண்டுவதில்லை, வழியே மடமாயிற்று. வாயில்லாச் சீவன்களையும் மறந்தாரல்லர். மாடுகள் நீரருந்தும் கேணியருகே, அவை உடம்பை உராய்ந்து தினவு தீர்க்க ஆவுரோஞ்சிக் கல்லை நாட்டினர். கோடையில், திருவிழாக் காலங்களில், இளைஞர் தண்ணீர்ப்பந்தலிட்டு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்த்தனர். கிடுகு கொடுத்தவர் ஒருவர், குடம் கொடுத்தவர் ஒருவர், நீர் சுமந்தவர் பலர்.

எனினும் நேயர்களே, வரலாறு கூறப் புகுந்தோர் ஒருபுறத்தை மட்டும் கூறுதல் முறையன்று. இதே மண்ணில், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் பல கிணறுகளில் தம் கையால் நீரள்ள விடப்படவில்லை. உயர்ந்தோர் எனப்பட்டவர் வந்து வார்க்கும்வரை, கிணற்றருகே வெறுங்குடத்துடன் அவர்கள் காத்திருந்தனர். அறஞ்செய்த ஊரே இதனையும் செய்தது. சாதியின் பெயரால் மக்களை இவ்வாறு ஒதுக்குதலைக் குற்றமாக்க 1957-ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்த பின்னரும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது.

பேருந்தும் பாரவூர்தியும் வந்தபின் சுமைதாங்கிக்கு வேலை குறைந்தது. வீதியகலிப்பில் மறைந்தன பல; பற்றைக்குள் கிடப்பன சில. எஞ்சியவற்றைப் பேணுதல் நம் கடன். அவற்றைப் பழம்பெருமைச் சின்னங்களாக மட்டும் பார்த்தல் போதாது. நீர் வார்த்த கை, வந்தவர் இன்னாரென்று பார்த்து வார்த்தது. கல்லோ, தன்மேல் இறங்குவது எவர் சுமையென்று வினவியதில்லை. ஊர்ப்பணிக்கு முன்வரும் இளைஞர் அக்கல்லிடமிருந்து கற்க வேண்டியது இதுவேயாகும்.